ஏழாம் குழாயின் மஞ்சள்

பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம் ரத்தத்தில் கூடக்கூட, சோதனைக் குழாயில் மஞ்சள் ஏறும். ஏழாம் குழாயில் அப்படி ஏறியதைப் பார்த்த லேப்காரி, பக்கத்தில் இருந்த சீனியர் அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஐயோ பாவம், கல்லீரல் கோளாறாக்கா?"

அக்கா மறுபடி சோதித்தாள். அதே மஞ்சள். அக்காவின் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"தெரிஞ்சவங்களா?"

"என் வீட்டுக்காரர்டி."

லேப்காரி அக்காவின் தோளைப் பற்றினாள். "மனசைத் தளரவிடாதீங்கக்கா..."

"அட போடி! கல்லீரல் டெஸ்ட் எல்லாம் சுத்தமா இருக்கு. எலும்பு புதுசா வளர்ந்தாலும் இந்த என்சைம் ஏறும். உடைஞ்சு எட்டு மாசமா ஒட்டாத கால்டி! எக்ஸ்ரேல ஒட்டுற மாதிரி தெரியுதுன்னு டாக்டர் சொன்னப்பகூட நான் நம்பலை."

மூக்கை உறிஞ்சியபடியே அக்கா போனை எடுத்தாள்.

"என்னங்க... ஒட்டுதுங்க!"