காரணம் எழுதும் கட்டம்

"ஸ்கேன் எழுதுங்க" என்றாள் அவள். கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி புடைத்திருந்த அவளுடைய குழந்தை, இளம் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"வாந்தி இல்ல, மயக்கம் இல்ல. நல்லா விளையாடுறான். ஸ்கேன் தேவையே இல்ல."

"தெரியும். இருந்தாலும் எழுதுங்க."

"பிஞ்சுத் தலைக்குள்ள வீணா எதுக்கு எக்ஸ்ரே கதிரை விடணும்? ரெண்டு மணி நேரம் இங்கேயே வெச்சுப் பார்ப்போம்."

"அதுக்குள்ள ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? பெத்த வயிறு கேக்க மாட்டேங்குது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் படிவத்தை எடுத்துப் பெயர், வயது எல்லாம் எழுதினான். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"காரணம்னு என்ன எழுதட்டும்?"

"அம்மா பயப்படுறாங்கன்னு எழுதுங்க."

"போன வாரம் ஒரு அம்மா அழுதாங்க. அப்படித்தான் எழுதினேன்." மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் வைத்தான். "மெமோ வந்துச்சு."

அவள் அதைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. 'தாயின் அழுகை ஸ்கேனுக்குக் காரணம் ஆகாது. வீண் பரிசோதனைக்கு விளக்கம் தரவும்.' கீழே, தலைமை மருத்துவர் என்ற இடத்தில், அவளுடைய கையெழுத்து.

"மூணு நாளா விளக்கம் எழுதப் பார்க்கிறேன், மேடம். வார்த்தை வரல."

அந்தத் தாயின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. தாளை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

குழந்தையை இறுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவனிடமிருந்து பேனாவை வாங்கினாள். ஸ்கேன் படிவத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மெமோவின் அடியில் எழுதினாள்:

'விளக்கம் ஏற்கப்பட்டது.'