பிரெஞ்சுக்காரன் பிடுங்காத செடிகள்

விக்னராஜா அந்த ஓவியத்தின் முன்னால் நின்று, இடிந்த வளைவில் முளைத்திருந்த செடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான்.

அவனை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான். அகதி விண்ணப்பத்தின் கடைசி மேன்முறையீடும் தள்ளுபடியாகி மூன்று நாள். இனித் திருப்பி அனுப்புவார்கள். வெஸ்ட்மீட் அறையில் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை, வேறொரு சுவரையாவது பார்க்கட்டும் என்று ரயிலேற்றி சிட்னி ஓவியக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஓவியம் பார்ப்பது என் பைத்தியம். அடுத்தவனுக்கும் அது மருந்தாகும் என்று நினைக்கிற அளவுக்குப் பைத்தியம்.

சும்மா இருந்தேனா? விளக்கமும் சொன்னேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இடிபாடுகள் என்றால் உயிர். ரோமாபுரியின் உடைந்த தூண்களை வரையச் சொல்லி வரவேற்பறையில் மாட்டினார்கள். சில பணக்காரர்கள் தோட்டத்தில் இடிந்த சுவரைப் புதிதாகவே கட்டுவித்தார்கள். கல்லின் மேல் கொடி ஏறினால்தான் அழகு என்றேன். மனிதர் கட்டியதை மரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்துச் சுகமாகக் கவலைப்படுவார்கள் என்றேன்.

யாரிடம் சொல்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் கோபப்படவில்லை.

“இதைக் கீறினவன் ஒரு புல்லுக்கூடப் பிடுங்கேல்லை, பாருங்கோ அண்ணை.”

அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது.

கிளிநொச்சியில் அவனுடைய வீடு ஷெல்லடியில் இடிந்தது. குடும்பம் திரும்பிப் போக முடியாதபடி ராணுவம் சுற்றி நிற்கிற இடம். அதற்குச் சாட்சியாக ஒரு புகைப்படம் வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டிருந்தார். முகாமில் இருந்த மனைவி பாலேஸ்வரி, ஒரே ஒரு நாள் அனுமதி வாங்கிப் போய் எடுத்து அனுப்பினாள்.

எடுப்பதற்கு முன் முற்றத்தைக் கூட்டியிருக்கிறாள். சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கி, கொடிகளை அறுத்து, விழுந்த ஓடுகளை மூலையில் அடுக்கியிருக்கிறாள். அந்நிய நாட்டு அதிகாரிகள் பார்க்கப்போகிற வீடு. குப்பையாகவா காட்டுவது?

தீர்ப்பில் அது ஒரு தனிப் பத்தி. முற்றம் பெருக்கப்பட்டிருக்கிறது, களை இல்லை, ஓடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே குடும்பம் அங்கே அச்சமின்றிப் போய்வருகிறது, மனுதாரர் சொல்வது நம்பத்தக்கதல்ல. வழக்குக்கு மொழிபெயர்ப்பெல்லாம் செய்துகொடுத்தவன் நான்; அவனுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டியதும் நான்தான்.

ஓவியத்தில் பெண்கள் உடைந்த தூணடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களையே நெடுநேரம் பார்த்தான்.

“பாலேஸ்வரிக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ. தன்னாலைதான் எல்லாம் போச்சுதெண்டு செத்துப்போவாள்.”

ஓம் என்றேன். 

அன்று அந்த முற்றத்தில் நின்றுகொண்டு அவள் தொலைபேசி எடுத்தது எனக்கு. எல்லாம் பத்தையும் புதருமாகக் கிடக்கிறது, அப்படியே எடுக்கட்டுமா என்று கேட்டாள். பெரிய அதிகாரிகள் பார்க்கிற படம், கொஞ்சம் துப்புரவாக்கிவிட்டு எடுங்கள் என்று சொன்னவன் நான்.

விக்னராஜா அவளை மன்னித்துவிட்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.