புகை தின்னும் பாசி

"நிக்க வெச்சே பேசறேன்னு தப்பா நினைக்காதீங்க மேடம். நாற்காலியெல்லாம் ஒரே மூட்டைப்பூச்சி. மாமனார்தான் வெயில்ல போட எடுத்துட்டுப் போறார்."

இன்ஜினியர் சொல்லி வாய் மூடவில்லை, அவனுடைய மாமனார் ஒரு மர நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கியபடி வந்துவிட்டார். கும்பிடக் கை ஒழியாததால் நாற்காலியையே ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, பின்கதவு வழியாகப் போனார்.

"பரவாயில்ல. நான் உக்கார வரல," என்றாள் அவள்.

புதிது புதிதாக வரும் ரசாயனத் தொழில்நுட்பங்கள் உலகத்துக்கு ஆகுமா, நாளைக்கும் தாங்குமா என்று எடைபோட்டுச் சொல்வது அவள் வேலை. தொழிலில் அவளுக்கு ஓட்டை மேடம் என்று பெயர். எதைக் காட்டினாலும் ஓட்டை கண்டுபிடித்துவிடுவாள். சோளத் தட்டையில் பிளாஸ்டிக் செய்தான் ஒருவன். அதை அலசவே ஓர் ஏரித் தண்ணீர் வேண்டியிருந்தது. காற்றைக் கழுவும் இயந்திரம் கொண்டுவந்தான் இன்னொருவன். அதை ஓட்ட நிலக்கரி. வீட்டுக்குப் போனால் மகள் கேட்பாள்: "இன்னிக்கு யார் கனவும்மா காலி?"

ஒரே ஒரு தடவையாவது 'ஆகும்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். அவளுக்கும் ஆசை இருக்காதா?

"வாங்க, என் பிள்ளைங்களைப் பாருங்க," என்று இன்ஜினியர் திரையை விலக்கினான்.

தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பச்சைத் தண்ணீர், தண்ணீர் முழுக்கப் பாசி. அடியிலிருந்து குமிழிகள் அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தன. கூரை வழியே இறங்கிய வெயில் பச்சையாகி, அவள் கையிலும் பையிலும் இன்ஜினியரின் வழுக்கையிலும் அலையடித்தது. குளத்துக்கு அடியில் நிற்பதுபோல இருந்தது. வாயைத் திறந்தால் பேச்சுக்குப் பதில் குமிழிதான் வரும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடி ஃபேக்டரி. அவங்க உலைப் புகை குழாய்ல இங்க வருது. பாசி அதைத் தின்னுட்டு எண்ணெய் தருது. பெயின்ட், பிளாஸ்டிக், எல்லாத்துக்கும் ஆகும். புகையைத் தின்னுட்டு எண்ணெய் குடுக்கற பிள்ளை யார் வீட்ல இருக்கு, சொல்லுங்க?"

"எங்க வீட்ல சோத்தைத் தின்னுட்டு வாயாடற பிள்ளைதான் இருக்கு," என்றாள். பிறகு, காய் வாங்குகிறவள் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோல ஆரம்பித்தாள். "தண்ணி?"

"மழைத்தண்ணி. அதையே சுத்திச் சுத்தி விடறோம்."

"கரன்ட்?"

"மேல பாருங்க, சோலார்."

"எண்ணெய் எடுத்த சக்கை?"

"உரம் மேடம். பாட்டில்ல அடைச்சு வெச்சிருக்கேன், மோந்து பாக்கறீங்களா?"

"வேணாம். இங்கயே என்னமோ வார்னிஷ் வாசனை வருதே?"

"கண்ணாடிக்காரங்க என்னென்னமோ போட்டு உருக்குவாங்க. ஊரான் அடுப்பங்கரை சமாசாரம் நமக்கெதுக்கு?"

ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை. அலுவலக அறைக்கு வந்தார்கள். ஃபைல்கள் தரையில் அடுக்கியிருந்தன. அலமாரிக்குத் தட்டுகள் இல்லை. மேஜை இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. ஆடம்பரம் தெரியாத மனிதன் என்று நினைத்துக்கொண்டு, தரையிலேயே சம்மணமிட்டு வரைபடத்தை விரித்தாள்.

"எங்க வேலையில முதல்ல ஒரு கோடு போடணும். கோட்டுக்குள்ள இருக்கறது உங்க கணக்கு. வெளிய இருக்கறது யார் பாவமோ."

"அப்ப சுவத்தோட நிறுத்திக்குங்க மேடம்."

"அந்தப் பக்கமும் ஒரு எட்டு பாத்துடறேனே?"

"எப்படியும் வரப்போற புகை மேடம். நாம தின்னாலும் தின்னாட்டியும் அவன் உலை எரியத்தான் போகுது. அவன் பாவத்தை எதுக்கு என் தலைல கட்டணும்?"

நியாயம்தான். வேறு நாளாயிருந்தால் நியாயத்தைக் கேட்டுக்கொண்டே எழுந்து போய்ப் பார்த்திருப்பாள். இன்று கண்ணில் இன்னும் அந்தப் பச்சை மிதந்துகொண்டிருந்தது.

"நீங்க ஆகும்னு எழுதினா, ஆத்தோரமா இதையே பெருசா கட்டுவாங்க," என்றான் அவன். "ஆகாதுன்னா, என் பிள்ளைங்களை நாளைக்கே சாக்கடைல ஊத்திடுவாங்க."

அவள் சுவரோடு கோட்டை நிறுத்தினாள்.

பேனாவைத் திறந்தபோது ஊரின் புகைபோக்கிகள் எல்லாம் கண்முன் வந்தன. ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பச்சைக் குளம். குளத்துக்குள் மனிதர்கள் மெல்ல மிதந்து வேலைக்குப் போனார்கள். மகள் மிதந்து வந்து, "யார் கனவும்மா?" என்றாள். "என் கனவுதாண்டி," என்றாள் இவள். 'ஆ' என்று எழுதியும்விட்டாள்.

கூடத்தில் குமிழிச் சத்தம் தேய்ந்தது. பிறகு நின்றே போயிற்று.

"என்ன, பிள்ளைங்க தூங்கிடுச்சா?" என்று சிரித்தாள்.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. பின்கதவுப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமலும் மாமனாரின் குரலும் சேர்ந்து வந்தன:

"மாப்ளே, கடைசி நாற்காலியும் எரிஞ்சு தீந்துடுச்சு! கண்ணாடிக்காரன் உலையை அணைச்சுட்டு ஊரைவிட்டுப் போனப்பவே தலைல அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? இப்ப வாசக்கதவைக் கழட்டவா, இல்ல அந்தம்மா கெளம்பிட்டாங்களா?"