பால்கனிக் கட்டில்

நகரத்துக் கடைக்காக டிசைனர் பெண் வரைந்து கொண்டுவந்த மூங்கில் கட்டில் லட்சணமாகத்தான் இருந்தது. நீளவாக்கில் இரண்டு கழி, குறுக்கே வரிச்சு, கால் கிடையாது. பால்கனியில் போட்டுப் படுத்துக்கொள்ளலாமாம். படத்தைப் பார்த்ததும், பட்டறையில் மூங்கில் பிளந்துகொண்டிருந்த ஆண்டியப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இது பாடை தாயி. உசுரோட இருக்கவனுக்குக் கட்டுனா கை வெளங்காது." மற்ற ஆட்களும் எழுந்துகொண்டார்கள்.

பட்டறைக்காரி செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. எழவு விழுந்து பாடை கட்டச் சொல்லத்தான் அவள் வாசலுக்கு ஊர் வரும். நல்ல நாளில் அவள் முடைந்த முறத்தைக்கூட வாங்காது. இப்போதுதான் முதன்முதலாக வீட்டுக்குள் போட ஒரு சாமான் கேட்கிறார்கள். ஒற்றை ஆளாகவே கழியைப் பிளந்து கட்டி முடித்தாள். ஏற்றிப்போக வண்டி வந்து நின்றது. ஒருத்தரும் தொடவில்லை.

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, செங்கமலம் தெரு பார்க்கக் கட்டில்மேல் நீட்டி நிமிர்ந்து படுத்தாள்.

"எறங்கு தாயி, பாக்க சகிக்கல," என்றார் ஆண்டியப்பன்.

"நல்லாப் பாருங்கண்ணே. வாய் மெல்லுதுல்ல? நாலு பேரு வந்து தூக்குங்க. நான் இப்படியேதான் வண்டி ஏறுவேன்."

டிசைனர் பெண் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஒரு முனையைப் பிடித்தாள். இன்னும் மூன்று முனை கிடந்தது.