நடுத்தண்ணீரில் நிற்பவன்

“மறுபடியும் மேல வந்துட்டான் பானு!” என்று கத்தினான் திருமால்.

பானுமதி ஓடிவந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முக்குளிக்கும் உடுப்பும் முகமூடியுமாக அவன் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். வாயிலிருந்த குழாயில் குமிழிகள் மட்டும் வந்தன.

“நேத்து போர் தண்ணியில கச்சிதமா நின்னானே! இன்னிக்கி என்ன கேடு வந்துச்சு?”

“அது நல்ல தண்ணிங்க. இதுல கல்லுப்பு கரைச்சிருக்குது. உப்புத் தண்ணி ஆளைத் தூக்கும். இடுப்புல ஈயம் கூட்டணும்.”

விருத்தாசலத்தில் ஏது கடல்? தொட்டியிலேயே உப்பைக் கரைத்து வைத்திருந்தாள் பானுமதி. சென்னையிலிருந்து வியாபாரி சுப்புராயன் பார்க்க வருகிறார். உப்புத் தண்ணீரில் இவன் மேலேயும் வராமல், தரையிலும் உட்காராமல் நடுவில் நிற்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. தவறினால் பட்டறையை மூடிவிட்டு, சேத்தியாத்தோப்பில் மச்சான் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போகவேண்டியதுதான் திருமால்.

“எல்லாம் இந்தத் தொப்பையால வந்த வினை. அதைக் குறைக்க முடியாதா?”

“மூணு நாள் சூட்டுல கிடந்து வந்தவன். இனிமே எங்கேருந்து குறையும்?”

“முக்குளிக்கிறவனுக்கு இவ்ளோ தொப்பை ஆவுமா?”

“ஒக்காந்த எடத்துக்கே டீயும் போண்டாவும் வந்தா வேற என்ன ஆவும்?” என்றவள், திருமாலின் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சிரித்தாள்.

இடுப்புப் பட்டையில் இரண்டு ஈயத்துண்டு சேர்த்தாள். அவன் நேராகத் தரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

செல்போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. “மிஸ்டு கால்! சொன்ன மாதிரியே செராமிக் ஸ்டாப்புல இறங்கிட்டாரு!” திருமால் வாசலை எட்டிப் பார்த்தான்.

பானுமதி பதறவில்லை. ஒரு துண்டைக் கழற்றினாள். அவன் மெல்ல எழும்பி, கைகளை விரித்தபடி நடுத்தண்ணீரில் அப்படியே நின்றான்.

உள்ளே வந்த சுப்புராயன் நாற்காலியைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து தொட்டியைப் பார்த்தார். நிமிர்ந்து திருமாலைப் பார்த்தார். மறுபடி தொட்டியைப் பார்த்தார்.

“தொப்பைதான் சார் கொஞ்சம்...” என்று இழுத்த திருமால், தன் வயிற்றை எக்கிக்கொண்டான்.

சுப்புராயன் பானுமதியின் பக்கம் திரும்பினார்.

“மீன்தொட்டிக்கு இன்னும் இருநூறு பொம்மை சுட்டுடுங்கம்மா, உங்க வீட்டுக்காரர் தொப்பையோடவே!”