தலை பின்னிவிட்ட குரல்

நைஜீரியாவின் பெனின் நகரத்து மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை எங்கள் மேசைமேல் போடுகிறது. வெளியே ஜெனரேட்டர் உறுமுகிறது. ஹேக்கத்தான் என்கிற மென்பொருள் போட்டிக்கு வந்த நாங்கள் மடிக்கணினிகளும் வேர்க்கடலையுமாக நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம். வெளிநாட்டு வேலை என்று ஆசைகாட்டிப் பெண்களை விற்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுப் பழக ஒரு செயலி செய்கிறோம். அதற்குக் குரல் கொடுக்க வந்திருக்கிறாள் உவைலா. லிபியாவில் விற்கப்பட்டு ஊர் திரும்பியவள். எங்கள் குழுவின் எஃபோசா எழுதிய வசனத் தாளைப் படித்துவிட்டுக் கடலைத் தட்டுக்கு அடியில் செருகுகிறாள்.

"எடுத்த எடுப்புல சம்பளத்தப் பேசுவாங்களா தம்பி?"

மைக்கை அருகில் இழுத்துக்கொள்கிறாள். குரல் மாறுகிறது.

"சாப்டியாடி தங்கம்? மூஞ்சி ஏன் வாடிக் கிடக்கு? இப்படி உக்காரு, தலை பின்னி விடறேன். நான் இருக்கும்போது உனக்கு என்னடி கவலை?"

தட்டச்சு ஓசை அடங்கிவிடுகிறது.

"நானே கிளம்பிடுவேன் போலருக்கே," என்கிறான் எஃபோசா. "யாரு மாதிரிக்கா பேசினீங்க?"

"என்னை வித்தவ மாதிரி."

அவன் பதிவை ஓட்டுகிறான். உவைலா ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக் கண்களை மூடுகிறாள். யாரோ வகிடெடுக்கக் காத்திருப்பதுபோல் அவள் தலை மெல்லக் குனிகிறது. பதிவு முடிந்தும் நிமிரவில்லை.

"இன்னொரு தடவை போடு."

"நல்லா வந்திருக்குக்கா. மாத்த வேணாம்."

"தெரியும். போடு. அவளுக்கப்புறம் சாப்டியான்னு என்னை யாரும் அப்படிக் கேக்கல."