கழற்றாத மைக்

“சாப்பிட்டியா கண்ணு?” என்று காதுக்குள் கேட்டது அந்தக் குரல்.

அவன் திருதிருவென்று சுற்றுமுற்றும் பார்த்தான். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. ஒட்டுக் கேட்பவனுக்குக் கழுத்து ஒரு இடத்தில் நிற்காது.

படப்பிடிப்பு நடக்கும் வீட்டின் மாடி அறையில் மூத்த நடிகை தன் மகனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து இவன் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு தொடருக்கு ஒலிப்பதிவு செய்ய, சொந்தக் கருவிகளோடு பத்து நாள் வேலைக்கு வந்தவன். இங்கே அவனுக்குப் பெயர் கிடையாது. “சவுண்டு, ரெடியா?”, “சவுண்டு, தள்ளி நில்லு” என்பதோடு சரி.

மதியம் அந்த நடிகை மட்டும் அவனைத் தாண்டி மாடிக்குப் போவார், மற்ற எல்லாரும் பின்கட்டுக்குப் போய்க் கூட்டமாகச் சாப்பிடுவார்கள். அவன் போக மாட்டான். ரெக்கார்டரிலிருந்து கடைசி ஒயர் வரை எல்லாம் அவன் வாங்கியவை. யாராவது கால் இடறி ஒன்று உடைந்தாலும் அழ வேண்டியது அவன்தான். அதனால் பெட்டிகளுக்குக் காவலிருந்தபடி பொட்டலச் சாப்பாடு. வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான், அங்கே காவலிருக்கப் பெட்டிகூட இல்லை.

நியாயமாகப் பார்த்தால் இடைவேளையில் நடிகர்களின் மைக்கை அணைத்துவிட வேண்டும். தொழில் தர்மம் அது. முதல் நாள் அவருக்கு மைக்கைப் பொருத்தும்போது, எல்லாரிடமும் ஒப்பிப்பதை அவரிடமும் ஒப்பித்திருந்தான்.

“அம்மா, போனைப் பெட்டியில போட்டுடுங்க. பக்கத்துல இருந்தா மைக்ல கரகரன்னு வரும். அப்புறம், நீங்க முணுமுணுத்தாக்கூட என் காதுல விழும். பாத்ரூம் போறப்ப சொல்லிட்டுப் போங்க, அணைச்சிடுறேன்.”

“மத்த நேரமெல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருப்பியா?” என்று சிரித்தார் அவர். “சரி, சாயங்காலம் வரைக்கும் கழட்ட வேண்டாம். குத்திக் குத்தி எடுத்தா துணி கிழிஞ்சிரும்.”

அன்று மதியம் அணைக்க மறந்தான். மறுநாள் மறக்கவில்லை, ஆனாலும் அணைக்கவில்லை.

“தனியா உட்கார்ந்து சாப்பிடாதே, நாலு பேரோட உட்காரு” என்னும் அந்தக் குரல். கொஞ்ச நேரம் மௌனம். “சரி, உன் இஷ்டம். அவசரப்படாம மென்னு தின்னு.” மறுபடி மௌனம். “வேலை வேலைன்னு உடம்பைக் கெடுத்துக்காதே, என்ன?”

மகன் சொல்லும் பதில் இவனுக்குக் கேட்காது. அவனும் நம்மைப் போல ஒண்டிக்கட்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். இருந்தாலும் கொடுத்துவைத்தவன். மென்று தின்னச் சொல்ல இவனுக்கு ஆளில்லாமல் போய் ஏழு வருடம் ஆகிறது. வெளியே சொன்னால் வெட்கம், அந்தக் குரல் சொன்ன நாளிலிருந்து இவனும் மெதுவாகத்தான் மென்று தின்றான்.

பத்தாம் நாள், அவருடைய கடைசிக் காட்சி மதியத்துக்குள் முடிந்துவிட்டது. சாப்பிட்டதும் கிளம்புகிறார். இவன் பொட்டலத்தைப் பிரித்தபோது குரல் வந்தது.

“இன்னைக்கும் பேச மாட்டே, இல்ல? பத்து நாளா நானேதான் பேசிக்கிட்டிருக்கேன். ஒரு ‘உம்’கூடக் கிடையாது. பரவாயில்ல கண்ணு, இனிமே உன்னைத் தொந்தரவு பண்ணல.”

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அப்படியானால் அந்த மௌனமெல்லாம் மகன் பதில் சொன்ன நேரம் இல்லையா? போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டா இருந்தான், படுபாவி? இப்படிக் கேட்கிறவருக்குப் பதில் சொல்லாதவன் ஒரு மனுஷனா?

பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு, ரெக்கார்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியேறினான். பெட்டிகளைக் காவலில்லாமல் விட்டது அன்றுதான் முதல் தடவை. பாதிப் படியில் கால் தயங்கியது. விஷயம் இயக்குநர் காதுக்குப் போகும். ஒட்டுக் கேட்கிற ஒலிப்பதிவாளனை அப்புறம் எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? போனால் போகட்டும் என்று மிச்சப் படிகளையும் ஏறினான்.

“மைக் கழட்டணுமா? வா” என்றார் அவர்.

“அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. தினமும் நீங்க பேசினதை நான் கேட்டேன். தப்புதான், யார்கிட்ட வேணாலும் சொல்லிக்கோங்க. ஆனா உங்க மகன்கிட்ட பேசுறதை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா. பதில் சொல்லலைன்னாலும் அவரு கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு.”

“மகனா? எனக்கு ஏதுப்பா மகன்?”

“தினமும் போன்ல பேசினீங்களே...”

“எந்தப் போன்? நீ சொன்ன மாதிரி காலைல வந்ததும் அதைப் பெட்டியில போட்டா, சாயங்காலம்தானே எடுக்கிறேன்!”

அவர் கழுத்தோரத்திலிருந்து மிளகளவு மைக்கை எடுத்து உதட்டருகே பிடித்துக்கொண்டார். அவர் பேசியது நேரிலும், அவன் கழுத்தில் கிடந்த ஹெட்போனிலும் ஒன்றாகக் கேட்டது.

“இப்பவாவது சொல்லு கண்ணு, சாப்பிட்டியா?”